பன்னிரண்டு வோல்ட்டில் ஒரு குடித்தனம்

தமிழ்நாட்டில் எந்த வீட்டு மீட்டர் பெட்டியைத் திறந்தாலும் உள்ளே வெள்ளை வெளேரென்று ஒரு பீங்கான் ஃபியூஸ் கட்டை உட்கார்ந்திருக்கும். அது விருத்தாசலத்தில் தன் கையால் அழுத்தி எடுத்ததாகத்தான் இருக்கும் என்று என் வீட்டுக்காரர் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்வார். அவர் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் கேட்க வேண்டும். ஆனால் செராமிக் எஸ்டேட்டில் வாலிப வயதெல்லாம் அந்த அச்சு மிஷினில் நின்றவர் என்பது உண்மை. நான் அதே எஸ்டேட்டில் வேறொரு கம்பெனியில் பொம்மைகளுக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தேன்.

அவர் போய்ச் சேர்ந்து வருடங்கள் ஓடிவிட்டன. அவர் மேல் எனக்கு இருக்கும் கோபம் மட்டும் எங்கேயும் போகவில்லை. கோபம் போய்விட்டால் அழுகைதான் மிச்சம் என்பதாலோ என்னவோ, அதை நானும் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறேன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு பழைய வேனுக்குள் குடித்தனம் செய்தோம். அந்த வேனுக்கு என்ன பேட்டரி போடுவது, அதில் எதை ஓட்டுவது, எதை விட்டுவிடுவது என்று உட்கார்ந்து பேசி முடிவு செய்தோம். சாதாரண வீட்டில் அது ஒரு பேச்சே இல்லை. எங்கள் வண்டியில் அந்த முடிவில்தான் அவர் உயிர் இருந்தது.

அவருக்குச் சர்க்கரை வந்து, மாத்திரை கேட்காமல் ஊசிக்கு மாறியிருந்த நேரம். நாள் முழுக்க மிஷினில் நிற்க முடியவில்லை. வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு கம்பெனியின் லோடு வேனை ஓட்டினார். முதலாளி புது வண்டி எடுத்தபோது பழையதை நாங்கள் வாங்கினோம். என் சங்கிலி வண்டியாக மாறியது.

"கழுத்துல சும்மா தொங்குறதுக்கு ரோட்டுல ஓடட்டுமே" என்றார்.

"ஓடட்டும், ஓடட்டும். ஆனா கழுத்து என்னுதுங்கறத மறந்துடாதீங்க" என்றேன் நான்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. வாடகை வீட்டைப் பூட்டிவிட்டால் தேடுவதற்கு ஆள் கிடையாது. ஊறுகாய் ஜாடி, உண்டியல், பொம்மை, பூந்தொட்டி என்று எஸ்டேட்டில் எடுத்து, வைக்கோல் வைத்து அடுக்கிக்கொண்டு, தை பிறந்தால் கிளம்புவோம். ஸ்ரீமுஷ்ணம், சேத்தியாத்தோப்பு, சிதம்பரம், அந்தப் பக்கம் விழுப்புரம் வரைக்கும் எங்கே தேர், எங்கே சந்தை என்று விசாரித்து விசாரித்துப் போவோம். மழை இறங்கும் போதுதான் வீடு திரும்புவது. உடைகிற சரக்கு என்பதால் ராத்திரிக்கு இறக்கி வைத்துவிட்டு லாட்ஜில் போய்ப் படுக்க முடியாது. சரக்கு எங்கேயோ நாங்களும் அங்கே. வேனின் பின்பக்கத்தில் பாதி சரக்குக்கு, மீதிப் பாதி ஒரு பாயும் ஒரு ஸ்டவ்வும் போட எங்களுக்கு.

முதல் பயணத்துக்கு முன்னால் எங்கள் ஊர் பேட்டரிக் கடைக்குப் போனோம். வண்டியைக் கிளப்ப ஒரு பேட்டரி இருந்தது. எங்கள் புழக்கத்துக்கென்று தனியாக ஒன்று வேண்டும். நான் என் ஆசையை எல்லாம் அவிழ்த்து வைத்தேன். சின்ன ஃபிரிஜ், மிக்ஸி, டி.வி. அரசாங்கம் கலர் டி.வி. கொடுத்த காலம் அது. எங்கள் வீட்டில் வந்து இறங்கிய பெட்டியைப் பிரித்துப் பார்த்த சந்தோஷம்கூட எனக்கு இன்னும் அடங்கவில்லை. பேட்டரிக்காரர் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"யம்மா, பேட்டரின்றது ஒரு கொடம் தண்ணி. அதுல எத்தினி பேரு மொண்டு குடிக்கிறாங்கன்றதுதான் சங்கதி. ஃபிரிஜ்ஜ வச்சீங்கன்னா ஒரே மடக்குல குடிச்சிட்டுக் கொடத்தயும் நக்கிட்டுப் போயிடும்."

"மிக்ஸி?"

"அரைக்கிற நேரம் கொஞ்சந்தான். ஆனா பன்னண்டு வோல்ட்ட எரநூத்தி முப்பதா மாத்தணும், அதுக்கு இன்வெர்ட்டரு வைக்கணும். அது மாத்தறதுக்கே ஒரு வாய் தின்னும்."

விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மிக்ஸி போய்ச் சின்ன அம்மி வந்தது. டி.வி. போய் கட்டை பேட்டரி போடும் ரேடியோ வந்தது. கடைக்கு இரண்டு பன்னிரண்டு வோல்ட் டியூப் லைட் கட்டாயம் வேண்டும். திருவிழாவில் ஜெனரேட்டர்காரர் லைன் கொடுப்பார்தான். ஆனால் எங்களைப் போலத் தரையில் பரப்புகிறவர்கள் எப்போதும் கடைசி வரிசை. அவர் வயர் அங்கே வந்து சேர்வதற்குள் சாமி கோயிலுக்குத் திரும்பியிருக்கும். வெளிச்சம் பட்டு மினுங்கினால்தான் பீங்கான் விற்கும். இருட்டில் அது வெறும் கல். அப்புறம் லாரி டிரைவர்கள் தலைக்கு மேலே மாட்டியிருப்பார்களே, அந்தச் சின்ன ஃபேன் ஒன்று. இவ்வளவுதான் எங்கள் மின்சாரக் குடித்தனம் என்று எழுந்தேன்.

"ஊசி மருந்து?" என்றார் என் வீட்டுக்காரர்.

 எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வீட்டில் இருக்கும்போது மருந்தைப் பக்கத்து வீட்டு ஃபிரிஜ்ஜில் முட்டைக்கு நடுவில் வைத்திருப்போம். ஊர் ஊராகச் சுற்றும்போது எந்தப் பக்கத்து வீடு?

பேட்டரிக்காரர்தான் மங்கலம்பேட்டைக்கு வழி சொன்னார். அங்கே கல்ஃப் சாமான் விற்கும் பாய் ஒருவர் கடையில் காரில் வைத்துக்கொள்ளும் குளிர்பெட்டி கிடைக்கும் என்றார். போனோம். நீல நிறத்தில், ஒரு சின்னத் துணிப்பெட்டி அளவுக்கு, கைப்பிடியோடு இருந்தது. வண்டியில் சிகரெட் பற்றவைக்கும் ஓட்டையை எங்கள் புழக்க பேட்டரியோடு சேர்த்து, அதில் சொருகினால் பச்சை விளக்கு எரியும்.

"ஐஸு பண்ணாதும்மா, அத மொதல்லயே சொல்லிடுறேன்" என்றார் பாய். "அங்க பாலவனத்துல ட்ரைவர் வேல பாக்குற நம்ம பசங்க தண்ணி பாட்டில் வச்சிக்குவாங்க. உள்ள வச்சது ஜில்லுன்னு இருக்கும். மருந்துக்குன்னா தாராளமா எடுத்துக்குங்க. ஆனா கரண்ட்டு நல்லா இழுக்கும்."

நன்றாகத்தான் இழுத்தது. வெயில் ஏறியதிலிருந்து சாயங்காலம் வரை பெட்டி ஓடினால், ராத்திரி கடைக்கு லைட் எரிந்தால், அதோடு பேட்டரி களைத்துப்போய்விடும். தினமும் காலையில் அந்தந்த ஊர் பேட்டரிக் கடையில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். கடைகளில் பேட்டரியை மாற்றிக் கொடுத்துவிடுவார்கள் என்று எனக்குப் பயம். அதனால் எங்கள் பேட்டரியின் நெற்றியில் பொம்மைக்கு எழுதுவது போலவே பெயிண்டில் இரண்டு கண் எழுதிவைத்தேன். புருவம், இமை முடி எல்லாம் வைத்து அழகாகவே வந்திருந்தது.

"ஐயோ, இது மொறைக்குது. உன்ன மாதிரியே இருக்குது" என்றார்.

எங்கள் வண்டியில் கரண்ட் தின்னாத ஒரு சாமானும் இருந்தது. அது என் சொத்து. பீங்கானை முதல் சூளையில் வேகவைத்து எடுத்ததும், பளபளப்புக்குப் பூச்சில் முக்குவதற்கு முன்னால், எஸ்டேட்டில் அதற்கு பிஸ்கட் என்று பெயர். பார்க்கச் சுண்ணாம்புக் கட்டி மாதிரி சொரசொரவென்று இருக்கும், நாக்கு பட்டால் ஒட்டும். வாய் கோணிப்போன ஒரு பிஸ்கட் ஜாடியைப் பூச்சுக்குப் போகாமல் ஒதுக்கியிருந்தார்கள். அதைக் கேட்டு வாங்கிவந்து குடிதண்ணீர் ஊற்றி, ஈரச்சாக்கு சுற்றி, வண்டியின் பின்கதவு ஓரம் வைத்துக்கொண்டேன். அதன் உடம்பெல்லாம் வியர்த்து வழியும். தண்ணீர் பல் கூசும் அளவுக்குக் குளிரும். அவருக்கு அந்த ஜாடியைப் பிடிக்காது.

"அரவேக்காட்டு ஜாடி ஒண்ணு, அரவேக்காட்டுப் பொண்டாட்டி ஒண்ணு. ரெண்டையும் வச்சிக்கிட்டு நான் ஊரு சுத்துறேன்" என்பார்.

அது அவர் குற்றமில்லை. எங்கள் எஸ்டேட்டில் எல்லோருக்குமே அந்தப் புத்திதான். பூச்சு ஏறி இரண்டாம் சூளையில் வெந்து, விரலால் சுண்டினால் கணீரென்று சத்தம் வர வேண்டும். அதுதான் சரக்கு. மற்றதெல்லாம் பாதியில் நின்ற வேலை. ஜாடியில் வைத்தது கெடாது என்று எங்கள் ஊரில் சும்மா பேச்சுக்குக்கூடச் சொல்வோம். ஊறுகாய் கெடாது, புளி கெடாது, ஆசிட் ஊற்றினாலும் ஒன்றும் ஆகாது. அவர் வேறு ஃபியூஸ் கட்டை செய்தவர். பீங்கான் கரண்ட்டையும் விடாது, சூட்டையும் விடாது என்பது அவருக்கு வேதவாக்கு.

முதல் வருடம் நன்றாகவே போனது. இரண்டாம் வருடம் பிரச்சினை என்னால்தான் வந்தது, என் உடம்பால். திருவிழா வியாபாரம் பொழுது சாய்ந்துதான் தொடங்கும். நடுச்சாமம் தாண்டும். அதனால் எங்களுக்குத் தூக்கம் என்பது மத்தியானம்தான். அந்த வெயிலில் தகரக் கூரை போட்ட வேனுக்குள் படுப்பது சூளைக்குள் அடுக்கி வைத்தது போல. போதாததற்கு எனக்கு அந்த வயது. தீட்டு நிற்கும் காலத்தில் பெண்களுக்கு உடம்புக்குள்ளேயே தீ வைத்தது மாதிரி ஒரு தகிப்பு வருமே, அது நேரம் காலம் இல்லாமல் வரும். சின்ன ஃபேன் அனல் காற்றைத்தான் முகத்தில் அடித்தது. நான் புரள்வேன், எழுந்து உட்கார்வேன், யாரையாவது திட்டுவேன். கூட இருந்தது அவர் ஒருவர்தான் என்பதால் அவரைத் திட்டுவேன். அவர் முன்பக்கம் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடியே சரக்குக்குக் காவல் இருப்பார். நான் கத்தினால் எழுந்து வந்து அட்டைப்பெட்டியைக் கிழித்து விசிறிவிடுவார்.

ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு மத்தியானம் தண்ணீர் மொள்ள எழுந்தவள் அப்படியே சரிந்து விழுந்தேன். கண் விழித்தபோது வண்டிக்கு வெளியே மரத்தடியில் கிடந்தேன். பூ விற்கும் பெண்கள் சுற்றி நின்றார்கள். அவர் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, அந்த அரைவேக்காட்டு ஜாடியைத் தூக்கி வந்து, அதிலிருந்து மொண்டு மொண்டு என் முகத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் முகம் பேயறைந்தது போல இருந்தது. அதற்கு முன்னும் பின்னும் அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை.

அடுத்து சரக்கு எடுக்க ஊருக்கு வந்தபோது பேட்டரியைக் கழற்றி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். திரும்பி வரும்போது ஒரு டேபிள் ஃபேனும் ஒரு சின்ன இன்வெர்ட்டரும் கொண்டுவந்தார்.

"என்னாங்க இது? அன்னைக்கு அந்த ஆளு அவ்ளோ சொன்னாரு?"

"பெரிய பேட்டரியா மாத்திக் குடுத்துட்டாரு. இனிமே பொட்டியும் ஓடும், ஃபேனும் ஓடும், லைட்டும் எரியும். நீ கால நீட்டித் தூங்கு."

கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவளுக்கு மதி எங்கே போயிற்று? எனக்கு மதி தூக்கத்துக்குப் போயிற்று. பேட்டரி வண்டிக்கு அடியில் ஒரு மரப்பெட்டிக்குள் மூடி இருந்தது. சார்ஜுக்குக் கழற்றுவது, மாட்டுவது எல்லாம் அவர் வேலை. நான் குனிந்து பார்க்கவில்லை. மத்தியானமானால் அந்த டேபிள் ஃபேன் தலைமாட்டில் இரைந்து சுற்றும். ஈரத்துணியை நெற்றியில் போட்டுக்கொண்டு படுத்தால் செத்தவள் மாதிரித் தூங்குவேன். எழுந்து வரும்போது முன்பக்கம் பெட்டியின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அவர் சீட்டில் சாய்ந்து, சட்டையெல்லாம் நனைந்து உட்கார்ந்திருப்பார்.

"தூங்குனியா?" என்று கேட்பார். தினமும் அதே கேள்விதான்.

"மகாராணி மாதிரி" என்பேன்.

அந்த வருடம் அவர் இளைத்துக்கொண்டே வந்தார். வெயிலில் அலைகிறோம், இரண்டு பேரும்தான் கறுத்துப் போயிருக்கிறோம் என்று நினைத்தேன். ஓயாமல் தாகம் என்றார். யாரைக் கேலி செய்தாரோ அந்த ஜாடியிடமே நொடிக்கொரு தரம் வந்து நின்றார். நிரப்பி நிரப்பி எனக்குக் கை ஓய்ந்தது. "வீராணம் ஏரிய பக்கத்துல வச்சிருந்தாலும் உங்களுக்குப் பத்தாது போல" என்று சிரித்தேன். ஊசியை ஒருவேளைகூட அவர் தவறவிட்டதில்லை. சட்டையைத் தூக்கி வயிற்றில் குத்திக்கொள்வதை என் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மருந்து போகிறது, பிறகென்ன என்று இருந்துவிட்டேன்.

சேத்தியாத்தோப்பு சந்தையில் ஒரு பொம்மை விழுந்து உடைந்தது. அதில் ஒரு சில்லு அவர் உள்ளங்காலில் ஏறியிருக்கிறது. அவருக்கே தெரியவில்லை. பாயில் ரத்தக் கறையைப் பார்த்து நான்தான் காலைத் திருப்பிப் பார்த்தேன். கட்டினோம், மருந்து போட்டோம், மஞ்சள் வைத்தோம். ஆறுவதாக இல்லை. கால் கறுத்து, நாற்றம் வந்து, காய்ச்சல் அடித்த பிறகு வழியில் இருந்த பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்தோம். வண்டியை அங்கேயே மதில் ஓரம் நிறுத்தினோம். முதலில் விரல்கள் என்றார்கள். பிறகு பாதம் என்றார்கள். கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். நஞ்சு மேலே ஏறாமல் இருந்தால் பிழைத்துக்கொள்வார் என்றார்கள்.

வார்டில் ஒரு நர்சம்மா என்னைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார். நல்ல மாதிரி. அதட்டாமல் பேசுவார்.

"ஊசி ஒழுங்காத்தான் போட்டாருன்றீங்க. ஆனா சக்கர அளவு அப்புடி இல்லியேம்மா. இங்க வந்து நம்ம மருந்து போட்டதும் எறங்குது. நீங்க மருந்த எங்க வச்சிருந்தீங்க?"

"குளுருப் பொட்டியிலதாங்க. கல்ஃபு பொட்டி. பகல் பூரா ஓடும்" என்றேன் பெருமையாக.

"அப்புடின்னா கெட்டிருக்காதே" என்று யோசித்தார். "பொட்டி கூட வேண்டியதில்ல. கரண்ட்டு இல்லாதவங்களுக்கு நாங்க மண்பானதான் சொல்றது. பானைக்குள்ள மருந்த வச்சி, வெளிய தண்ணி கசிஞ்சிக்கிட்டே இருந்தாப் போதும். பூசாத மண்ணா இருக்கணும், அவ்ளோதான். கசிஞ்சாத்தான் குளுரும்."

சரி என்று தலையாட்டினேன். அது எனக்கு வேண்டாத பேச்சாகத்தான் பட்டது. எங்களிடம்தான் பெட்டி இருக்கிறதே.

அன்று மத்தியானம் அவர் தூங்கியதும், கொஞ்சம் படுக்கலாம் என்று வண்டிக்குப் போனேன். ஆஸ்பத்திரிக்கு வந்த அன்று பேட்டரியை எதிர்க்கடையில் சார்ஜ் போட்டு வாங்கி மாட்டியிருந்தார்கள். அதற்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. வழக்கம்போல ஃபேனைப் போட்டேன். முன்பக்கம் போய்ப் பெட்டியையும் சொருகினேன். மிச்ச மருந்து இருக்குமே, கெட்டுவிடக் கூடாதே என்று. பச்சை விளக்கு எரிந்தது. வந்து படுத்தேன்.

வியர்த்துக் கொட்டி விழித்தபோது ஃபேன் நின்றிருந்தது. இன்வெர்ட்டர் கீச் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. வெளியே வெயில் இன்னும் சாயவில்லை. டியூப் லைட்டைத் தட்டிப் பார்த்தேன். கண் சிமிட்டிவிட்டு அணைந்தது. இத்தனை மாதம் பெட்டியும் ஃபேனும் ஓடி, அதற்கு மேல் ராத்திரி லைட்டும் எரிந்த பேட்டரி, இன்றைக்கு ஒரு மத்தியானத்துக்கே வரவில்லை. கடைக்காரன் மாற்றிவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன். பாவி, ஆஸ்பத்திரியில் இருக்கிறவர்களையும் ஏமாற்றுகிறானே என்று திட்டிக்கொண்டே வண்டிக்கு அடியில் குனிந்து மரப்பெட்டியின் மூடியைத் தூக்கினேன்.

நான் எழுதிய இரண்டு கண்களும் என்னைப் பார்த்தன. அதே புருவம், அதே இமை முடி. பெரிய பேட்டரி என்று எதுவும் வரவே இல்லை. அது முதல் நாள் வாங்கிய அதே பேட்டரி.

எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கக் கூடாது என்று மனம் அடம்பிடித்தது. டிரைவர் சீட்டுப் பக்கம் போய், அவர் உட்கார்ந்திருந்த இடத்திலேயே உட்கார்ந்தேன். கீழே காய்ந்த தகரத்தின் சூடு, மேலே கண்ணாடி வழியே வெயில். கால் எதிலோ இடித்தது. சீட்டுக்கு அடியில் கையை விட்டு இழுத்தேன். ஒரு ஊறுகாய் ஜாடி. மேல் பாதி பழுப்பு, கீழ்ப் பாதி வெள்ளை, ஒரு கீறல் இல்லாத முதல் தரம். நாங்கள் விற்றதிலேயே உசத்தியான சரக்கு. மூடியை வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார். பிரித்தேன். உள்ளே பாதிக்குத் தண்ணீர். அதில் இரண்டு மருந்துக் குப்பிகள் நின்றுகொண்டிருந்தன. விரலை விட்டுப் பார்த்தேன். கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் பதத்தில் தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது.

நான் தூங்கப் போனதும் பெட்டியைப் பிடுங்கிவிட்டிருக்கிறார். அது குடிக்கும் கரண்ட்டை என் ஃபேனுக்குத் திருப்பிவிட்டு, மருந்தை எடுத்து ஜாடியில் வைத்திருக்கிறார். நான் எழும் சத்தம் கேட்டதும் திரும்பவும் பெட்டியில் வைத்துச் சொருகியிருக்கிறார். ஒரு நாளா, இரண்டு நாளா? அந்த வருடத்து வெயில் முழுக்க. நான் மகாராணி மாதிரித் தூங்கிய ஒவ்வொரு மத்தியானமும்.

ஜாடியைத் தூக்கி ரோட்டில் போட்டு உடைக்க வேண்டும் போல ஆத்திரம் வந்தது. கை வரவில்லை. விற்கிற சரக்கை உடைத்துப் பழக்கமில்லாத கை. அதை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். "பாவி மனுஷா, பாவி மனுஷா" என்று வாய்விட்டே சொல்லி அழுதேன். அழுது ஓய்ந்து தண்ணீர் குடிக்கலாம் என்று பின்பக்கம் போனேன். ஈரச்சாக்குக்குள் என் பிஸ்கட் ஜாடி வழக்கம்போல வியர்த்துக்கொண்டு நின்றது. டம்ளரில் மொண்டு வாயில் வைத்தேன். பல் கூசியது. அப்போதுதான் நர்சம்மா சொன்னது வந்து என் நெஞ்சில் இடித்தது. பூசாத மண், கசிந்தால்தான் குளிரும்.

ஒரு சொட்டுக் கரண்ட் வேண்டியிருக்கவில்லை. அவர் உட்கார்ந்திருந்த சீட்டுக்கும் அந்த ஜாடிக்கும் நடுவில் ஒரு பாய் அளவு தூரம்தான். அதில் தினமும் எத்தனை தடவை வந்து தண்ணீர் குடித்தார்! அந்தக் குளிர்ச்சியைக் கையால் தொட்டார், வாயால் குடித்தார். ஆனால் தன் மருந்தை அதில் வைக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. உயிர் காக்கிற பொருளை அரைவேக்காட்டிலா வைப்பார்கள்? முதல் தரத்தில்தான் வைப்பார்கள். எங்கள் எஸ்டேட் ஆள் வேறு எப்படி யோசிப்பான்? நானாக இருந்தாலும் அந்த நல்ல ஜாடியைத்தான் எடுத்திருப்பேன்.

சொம்பில் அந்தத் தண்ணீரையே எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனேன். விழித்திருந்தார். கட்டுப்போட்ட காலைப் போர்வையால் மூடியிருந்தார்கள். தலையைத் தூக்கிப் பிடித்துக் குடிக்கக் கொடுத்தேன்.

"ஜில்லுனு இருக்குது" என்றார். "உன் அரவேக்காட்டு ஜாடியா?"

"ஆமா."

"பரவால்ல. ஒனக்குன்னு ஒரு ஜாடி வாச்சிருக்குது."

என்னால் அடக்க முடியவில்லை. சண்டை பிடிக்கத்தான் வாயைத் திறந்தேன். 

"ஏங்க, மத்தியானத்துல பொட்டிய நிறுத்திட்டுத்தான் எனக்கு ஃபேனு போட்டீங்களா?"

அவர் முகத்தில் பிடிபட்ட பிள்ளையின் சிரிப்பு ஒன்று வந்தது.

"அன்னைக்கு நீ வுழுந்து கெடந்தத நீ பாக்கல. நான் பாத்தேன்" என்றார். பிறகு, என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி, "அதுக்குன்னு மருந்த சும்மாவா வுட்டேன்? நம்ம மொத தரம் ஜாடியிலதான வச்சேன். ஜாடியில வச்சா கெடாது. இது வேற எதனாலயோ வந்துது" என்றார்.

வேறு எதனாலோ என்றே அவர் நம்பினார். அந்த நம்பிக்கை மட்டும்தான் அப்போது அவரிடம் முழுசாக இருந்தது. கால் போய்விட்டிருந்தது. மேலே ஏறிக்கொண்டிருந்த நஞ்சைப் பற்றி டாக்டர்கள் என்னிடம் சொல்லியிருந்தார்கள், அவரிடம் சொல்லவில்லை. ஆயுசெல்லாம் பீங்கானில் கை வைத்த மனிதரிடம், நீ நம்பிய ஜாடிதான் உன்னைக் கொன்றது, நீ சிரித்த ஜாடி காப்பாற்றியிருக்கும் என்று எந்த வாயால் சொல்வேன்? வாழ்நாள் முழுக்க அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசியவள் நான். அன்றைக்கு ஒரு தடவைதான் ஒத்துக்கொண்டேன்.

"ஆமாங்க" என்றேன். "ஜாடியில வச்சா கெடாதுங்க."

அவர் தலையாட்டிவிட்டு, இன்னும் கொஞ்சம் தண்ணீர் கேட்டார்.